இறக்கு கூலி

பதினாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து. விரல் மேஸ்திரி எனக்குத் தர வேண்டிய பணம் அவ்வளவு. சில்லறையை விட்டுவிட்டு முழுசாகப் பதினாலாயிரம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று என் வீட்டுக்காரி சொல்லிப் பார்த்தாள். வைத்துக்கொள்ள எங்கே இருக்கிறது? வராத பணத்தில் தள்ளுபடி கொடுப்பது வசதியானவர்கள் பழக்கம்.

அது கைமாற்றாகக் கொடுத்த பணமும் இல்லை. கிடங்கில் பதினோரு பேர் சுமை தூக்கினோம். வாரக் கூலி வாங்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து ஒரு தகரப் பெட்டியில் போடுவோம். இடுப்பு போனவனோ கால் போனவனோ வேலையை விட்டு நிற்கும்போது, அவன் அதுவரை போட்டதை எண்ணி அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். பெட்டி மேஸ்திரியிடம் இருக்கும். முப்பது வருஷத்தில் அவர் உடம்பில் வேலை செய்த உறுப்பு வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை அந்த விரலை நீட்டி நீட்டி எண்ணுவார். அதனால் விரல் மேஸ்திரி. ஒரு நாள் விரல் வலிக்கிறது என்று துணி சுற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நாங்கள் அறுநூறு மூட்டை இறக்கியிருந்தோம். எங்கள் முதுகைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

என்னை அங்கே கயிறு என்று கூப்பிடுவார்கள். நான் கட்டிய சுமை வழியில் சரிந்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் என் இடுப்பு போனது. மேஸ்திரியே நோட்டைப் பார்த்துத் தொகையைச் சொன்னார். அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள் என்றார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அவர் குளித்துக்கொண்டிருந்தார். காலையில் போனாலும் குளியல், மத்தியானம் போனாலும் குளியல், விளக்கு வைத்த பிறகு போனாலும் குளியல். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, குளிக்கிறாருங்க என்பார். அவர் குளித்த குளியலுக்கு இதற்குள் சோப்பைப் போலக் கரைந்து போயிருக்க வேண்டும். தெருவில் பார்த்தால் முன்னைவிடப் பெருத்திருந்தார்.

எனக்கு அந்தப் பணம் பல்லுக்கு. மூட்டைக் கொக்கி முகத்தில் அடித்து முன்பல் நான்கும் ஒரே நாளில் போயின. மற்றவை அவற்றைப் பார்த்துத் தாமாகவே ஒவ்வொன்றாகப் போயின. மேலும் கீழும் முழு செட்டு பதினாலாயிரம் என்றார் பல் டாக்டர். மிச்சம் முந்நூற்று எழுபத்தைந்துக்கு ஏதாவது கெட்டியானதாக வாங்கிக் கடித்துப் பார்க்கலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன்.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, இவரு உங்க மேஸ்திரிதானே?"

அவரேதான். ஆனால் தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முழங்காலில் ஆமை ஓடு மாதிரி இரண்டு கவசம். பக்கத்தில் நூறு சிசி வண்டி ஒன்று, அதன் இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்புப் பெட்டி. அறுபத்தேழு வயதில் அந்தச் சின்ன வண்டியில் ஊர் ஊராகப் போகிறாராம். சின்ன வண்டித் தாத்தா என்று பெயர் வைத்து வீடியோ போட்டிருக்கிறார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவருக்கு ஆறு வருஷமாகக் குளிக்கவே நேரம் போதவில்லை, ஊர் சுற்ற எப்போது நேரம் வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு செலவுக்கும் பணம் எங்கிருந்து தாத்தா என்று ஒரு பெண் அவரைக் கேட்டாள். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார்.

"ஒருத்தர் காசைத் தொட்டதில்லம்மா. முப்பது வருஷம் இந்த முதுகுல சுமந்து சம்பாதிச்சது."

முதுகு என்று அவர் சொன்னபோது என் முதுகில் சுரீர் என்றது. இரும்புப் பெட்டிகளை உற்றுப் பார்த்தேன். என் கீழ்ப்பல் வரிசை இடது பெட்டியிலும் மேல்பல் வரிசை வலது பெட்டியிலும் தொங்கிக்கொண்டு ஊர் சுற்றுவது போலத் தெரிந்தது.

வீடியோவுக்குக் கீழே எழுத்தில் ஏதோ இருந்தது. நான் தொழிற்சங்க அறையில் ஐம்பத்திரண்டு வயதில் எழுத்து படித்தவன். மெதுவாகத்தான் வாசிப்பேன், அதனால் எதுவும் தப்பாது. வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, கடலில் போய்ச் சாலை முடிகிற ஊரில், சின்ன வண்டித் தாத்தாவுக்கு வரவேற்பு. ஏற்பாடு, அந்த ஊர் டயர் கடைக்காரர். எங்கள் வீட்டிலிருந்து ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர்.

வீட்டில் போய்க் கேட்டால்தானே குளிப்பார்? மேடையில், மைக்குக்கு முன்னால், இருநூறு பேர் பார்க்கக் குளிக்க முடியாது. நான் போவது என்று முடிவு செய்தேன். அதுவும் என் வண்டியில்.

பஸ்ஸில் போகச் சொன்னாள் வீட்டுக்காரி. பஸ்ஸில் ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், வண்டியென்றால் வலிக்கிற இடத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அது உண்மைதான். அவனால் முடிந்தால் என்னால் முடியாதா என்கிற வீம்பும் உண்மைதான். அதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என் வண்டி ஒரு பால்காரரிடம் வாங்கியது. பால் கேன் மாட்டுகிற கொக்கிகள் இன்னும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதில் ஒன்றில் துணிப்பை, இன்னொன்றில் பம்ப்பும் ஸ்பானரும். இருக்கையில் நாலாக மடித்த சாக்கு. பின்னால் என் கயிறு ஒரு சுருள், முப்பது முழம். அது எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். கயிறு இல்லாமல் நான் வெளியே போனதில்லை. நீங்களும் வீடியோ போடப் போகிறீர்களா மாமா என்று அவர் சிரித்தார். பொக்கை வாயை வீடியோவில் காட்டினால் குழந்தைகள் பயந்துகொள்ளும் என்றேன்.

வீட்டுக்காரி வாசல்வரை வந்தாள். "வண்டிக்கு வயசு இருபது, உங்களுக்கு அறுபத்தி நாலு. வழியில யாரு யாரைத் தள்ளறதுன்னு இப்பவே பேசிவெச்சுக்கிட்டுக் கிளம்புங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன்.

நெடும்பயணத்தில் மனசு லேசாகும் என்று மேஸ்திரி வீடியோவில் சொல்லியிருந்தார். எனக்கு மனசு இருக்கிற இடம் தெரியவில்லை. பின்பக்கம் இருக்கிற இடம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. முதல் நாற்பது கிலோமீட்டரில் அது நெருப்பாக இருந்தது, அடுத்த நாற்பதில் மரத்துப் போனது, அதற்கடுத்த நாற்பதில் அது என்னோடு வருகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வண்டி நாற்பதுக்கு மேல் போனால் கைப்பிடி பேய் பிடித்தது போல ஆடும். முப்பத்தெட்டில் வைத்துக்கொண்டால் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருப்போம்.

நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை பஸ் நிழற்குடையில் நிறுத்தி, சிமெண்டுத் தரையில் மல்லாந்து பத்து நிமிஷம் படுப்பேன். அப்போதுதான் முதுகு இறங்கி வரும். முதல் நாள் இப்படிப் படுத்திருந்தபோது ஒருவர் வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். இரண்டாவது நிழற்குடையில் கண்ணைத் திறந்தபோது தலைமாட்டில் யாரோ சில்லறை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக்கொண்டேன். கால் லிட்டர் பெட்ரோலுக்கு ஆயிற்று.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு டீக்கடையில் ஏழெட்டுப் பெரிய வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். ஓட்டியவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் பெட்டி படுக்கையெல்லாம் பின்னாலே ஒரு வேனில் வந்தது. வேனுக்கு மேலே கட்டியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். அடுத்த மேட்டில் சரியும் என்று தெரிந்தது. சொன்னேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை, என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் என் தோளில் கை போட்டார். "இந்த வயசுல, இந்த வண்டியில. உங்களைத் தேடித்தானே போறீங்க?"

"இல்லீங்க. எனக்குப் பணம் தர வேண்டியவரைத் தேடிப் போறேன்."

தாடிக்காரரின் கை தோளிலிருந்து இறங்கியது. படம் பிடித்தவர் அதை அழித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சின்ன வண்டித் தாத்தாவைப் பார்த்துத்தான் தாங்களும் கிளம்பினோம் என்று அவர்கள் சொன்னார்கள். போன மாதம் அவரை வழியில் பிடித்துக் கூடவே ஓட்ட வேண்டும் என்று விரட்டியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாள் பூராவும் போயும் சாலையில் அவரைப் பார்க்க முடியவில்லையாம். இவர்கள் ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது அவர் மாலை வெயிலில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு மனுஷன், அப்படி ஒரு ஓட்டம் என்று தாடிக்காரர் தலையை ஆட்டினார்.

நூறு சிசி வண்டி. இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. மேலே தொண்ணூறு கிலோ மேஸ்திரி. இதை இவர்களால் பிடிக்க முடியவில்லை. நான் பன்னை டீயில் முக்கி ஊறவைத்துக்கொண்டே யோசித்தேன். ஆனால் பெரிய உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியாதது எனக்கென்ன தெரிந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். பன் ஊறிவிட்டது. எழுந்து போகும்போது பார்த்தேன், வேன் கிளம்பிய இடத்திலேயே ஒரு மூட்டை இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மழை, நான்காம் நாள் பஞ்சர். பஞ்சர் ஒட்டியவர் கடுப்பில் இருந்தார். அவர் கடை அந்தச் சாலையில்தான் இருபது வருஷமாக இருக்கிறது. சின்ன வண்டித் தாத்தா இந்த வழியாக மூன்று தடவை போனதாக வீடியோ வந்திருக்கிறது. ஒரு தடவைகூட அவர் கண்ணில் படவில்லை. ஒரு பஞ்சர்கூட ஆகாமல் ஒரு மனுஷன் எப்படி ஊரைச் சுற்ற முடியும் என்று என்னைக் கேட்டார். நான்தான் அவரை ஊரைச் சுற்றச் சொன்னது போல என்னிடம் இரண்டு பஞ்சருக்குப் பணம் வாங்கிக்கொண்டார். ஆணி குத்தியது என்னவோ ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கடல் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. ஊருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்று கல் சொன்னது. அங்கே ஒரு உரக் கிடங்கு. இழுத்துப் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு லாரி நின்றது. தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. நான் வேகத்தைக் குறைத்ததற்குக் காரணம் லாரி இல்லை, தார்ப்பாயைக் கட்டியிருந்த முடிச்சு. வலது பக்கம் இரண்டு சுற்று, இடது பக்கம் ஒரு கோணல் சுருக்கு, இழுத்தால் அவிழ்ந்துவிடும், இழுக்காவிட்டாலும் அவிழ்ந்துவிடும். உலகத்தில் அப்படி முடிச்சுப் போடத் தெரிந்தவர் ஒருத்தர்தான். அவர் அதைக் கற்றுத் தருகிறேன் என்று வந்தபோதெல்லாம் நாங்கள் பதினோரு பேரும் வேறு பக்கம் பார்ப்போம்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். லாரிக்கு மேலே ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் கவசம் சகிதம் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் வண்டி. சுவரேறி இறங்கத் தெரியாத பிள்ளை மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளிப் புழுதி இல்லை. கடையில் நிற்கிற பொம்மை மாதிரி இருந்தார்.

நடந்தது என்ன என்பதை லாரிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவர் மேஸ்திரியின் மச்சினன், மேஸ்திரி மனைவியின் தம்பி. ஊர் ஊராகச் சரக்கு கொண்டுபோகிறவர். போகிற லாரியில் மாமாவையும் வண்டியையும் ஏற்றிக்கொள்வார். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஏதாவது கிடங்கு மேடையில் லாரியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டி நிறுத்தினால் வண்டியை அப்படியே உருட்டி இறக்கிவிடலாம். இந்த உரக் கிடங்கு மேடையும் பேசிவைத்ததுதான். ஆனால் இன்று ஞாயிறு. கிடங்கு விடுமுறை, சாவி மேனேஜர் வீட்டில், காவல்காரர் கேட்டைத் தொடக்கூட விடவில்லை.

முப்பது வருஷம் ஞாயிறு வந்தால் எங்கள் கூலியை ஒழுங்காக வெட்டியவர். அவருக்கு ஞாயிறு மறந்துபோயிருக்கிறது. இந்தத் தப்பை வேறு எந்த மனுஷன் செய்தாலும் நான் இரக்கப்பட்டிருப்பேன்.

இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி இறக்கப் பார்த்திருக்கிறார்கள். மாமா விரலைக் கொடுத்திருப்பார், மச்சினன் முதுகைக் கொடுத்திருப்பார். வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து கீழே கிடந்தது. மச்சினன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்திருந்தார்.

மேஸ்திரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கயிறா? நீ எப்படிடா இங்க வந்தே?"

"வண்டியிலதான் மேஸ்திரி."

"எந்த வண்டியில?"

நான் என் பால்கார வண்டியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என் புழுதியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

"வீட்டுலேர்ந்தா? முழுத் தூரமும் இதுலயேவா?" குரல் தாழ்ந்துவிட்டது. வழி நெடுக என்னைப் பார்த்து நிஜமாகவே அசந்துபோனவர் அவர் ஒருத்தர்தான். அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தானே தெரியும்? அதனால்தானே லாரியில் வந்தார்.

பிறகு அவருக்கு மணி நினைவு வந்தது. ஒன்பது இருபது. பத்துக்கு வரவேற்பு. பழைய குரல் திரும்பியது. கயிறு கையோடு இருக்கிறதல்லவா, சட்டென்று இறக்கு, டீக்காசு தருகிறேன் என்றார்.

"இறக்கிடலாம் மேஸ்திரி. கூலி பேசிக்கலாம்."

"என்னடா கூலி? சொல்லு."

"பதினாலாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு."

மச்சினன் இடுப்பை மறந்து நிமிர்ந்தார். இந்த வண்டியையே விற்றாலும் அவ்வளவு வராதே என்றார்.

"வண்டிக்கு இல்லீங்க. பத்து மணிக்கு," என்றேன்.

மேஸ்திரி பல வழிகளிலும் பேசிப் பார்த்தார். அந்தப் பாக்கி வேறு, இந்தக் கூலி வேறு, இரண்டையும் குழப்பாதே என்றார். பாக்கியாகக் கேட்டால் நீங்கள் குளிக்கப் போய்விடுகிறீர்கள், அதனால் கூலியாகக் கேட்கிறேன் என்றேன். கூடப் பிறந்தவன் மாதிரி உன்னைப் பார்த்துக்கொண்டேனே என்றார். நான் சாக்கை எடுத்து விரித்து, லாரி நிழலில் மல்லாந்து படுத்தேன். முதுகுக்கு அது அவசியமாகவும் இருந்தது. கீழேயிருந்து பார்த்தால் அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. ஒன்பது முப்பதுக்கு இடது இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா, கொஞ்சம் பணம். சோப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விரலால் இரண்டு தடவை எண்ணிப் பத்தாயிரம் கொடுத்தார். இவ்வளவுதான் இருக்கிறது, மேடையில் டயர் கடைக்காரர் ஒரு கவர் கொடுப்பார், மீதி நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்தை அதிலிருந்து தருகிறேன் என்றார்.

"என் மேல நம்பிக்கை இருக்கில்ல கயிறு?"

"நிறைய இருக்கு மேஸ்திரி. அதனாலதான் நான் முன் வரிசையில வந்து உக்காரப் போறேன்."

வேலை ஆறு நிமிஷம்தான். லாரியின் பின்கதவைக் கொண்டியிலிருந்து கழற்றிச் சாய்த்து வைத்தால் அதுவே இறக்கப் பலகை. அது கழலும் என்பதே மச்சினனுக்குத் தெரியாது, லாரி வாங்கி நாலு மாதம்தான் ஆகிறதாம். மேஸ்திரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முன்னாலேயே ஆயிரம் தடவை கழற்றியிருக்கிறோம். அவர் அப்போதெல்லாம் மூட்டையைத்தான் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. லாரியில் கிடந்த காலிச் சாக்குகளைக் கீழே போட்டேன். கயிற்றை வண்டியின் கழுத்தில் கொடுத்து, லாரிக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின் சக்கரம் முதலில் இறங்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாரத்தைக் கம்பி வாங்கிக்கொண்டது. என் இடுப்புக்குத் தெரியாமலே வேலை முடிந்தது. மச்சினன் கீழே பிடித்துக்கொண்டார்.

வண்டி தரையைத் தொட்டது. லாரிக்கு மேலே நின்ற மேஸ்திரியின் விரல் தானாக நீண்டது.

"ஒண்ணு," என்றார்.

அவரே பலகையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இறங்கினார். சாலை ஓரத்துப் புழுதியை இரண்டு கையாலும் அள்ளி பூட்ஸில், தோளில், கன்னத்தில் பூசிக்கொண்டார், முகப்பவுடர் போடுவது போல. என் சட்டையில் ஐந்து நாள் புழுதி இருந்தது. கேட்டிருந்தால் அதையும் தட்டிக் கொடுத்திருப்பேன், கூலி தனி.

அவர் முன்னால் போக, நான் பின்னாலே போனேன். பந்தல், பேனர், நாற்காலிகள், மைக். இருநூறு பேருக்குக் குறையாது. மேஸ்திரி கையை ஆட்டிக்கொண்டே நுழைந்தபோது கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரு அம்மா ஓடிவந்து அவர் கன்னத்துப் புழுதியைக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்து, கைக்குட்டையைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். உரக் கிடங்கு வாசல் புழுதி. அதில் ஏதாவது முளைத்தாலும் முளைக்கும்.

தொண்டர் பட்டை குத்திய ஒருத்தர் என்னிடம் வந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து பார்க்க வந்திருக்கிறீர்களா பெரியவரே, சந்தோஷம், ஆனால் இந்தப் பால் வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், படத்தில் விழுகிறது என்றார். தள்ளி வைத்தேன். கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கயிறு மடியில் இருந்தது.

மேஸ்திரி பேசினார். தனிமை, காற்று, சாலை, தன்னம்பிக்கை எல்லாம் வந்தன. மனுஷன் தன் சுமையைத் தானே சுமக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். அப்போது அவர் கண் என் மடியில் விழுந்தது. அடுத்த வாக்கியத்தை இரண்டு தடவை ஆரம்பித்தார். நான் எதுவும் செய்யவில்லை, கயிற்றைத் தடவிக்கொண்டுதான் இருந்தேன்.

டயர் கடைக்காரர் மைக்கை வாங்கி, தாத்தாவின் அடுத்த பயணத்துக்குத் தன் சிறு அன்பளிப்பு ஐயாயிரம் என்று சொல்லிக் கவரைக் கொடுத்தார். மேஸ்திரி கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்குகிற படியைப் பார்த்தார். படிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு முழம்தான். அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்தவன் நான், அந்த யோசனை வந்தால் யாருக்கோ கூலி குறையும்.

மைக்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். "முன்னாடி உக்காந்திருக்காரே, இவரு என் கீழ வேலை பார்த்த தொழிலாளி. என்னைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டுத் தேடி வந்திருக்காரு. பாவம், வாயில ஒரு பல்லுகூட இல்ல. எனக்கு எதுக்குங்க பணம்? இதை அப்படியே இவருக்குக் குடுக்கறேன்."

அம்மாடி, அந்தக் கைதட்டல். கைக்குட்டை அம்மாள் இன்னொரு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தொண்டர் பட்டைக்காரர் ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்து, நடக்க முடியாதவனைத் தூக்குவது போல மேடைக்கு ஏற்றினார். மேஸ்திரி என் கையில் கவரை வைத்து, படம் எடுப்பதற்காக விடாமல் பிடித்துக்கொண்டார். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்ததற்குத் தர்மவான் பட்டமும் வாங்கிக்கொண்டிருந்தார். வாங்காமல் இறங்கினால் பல் போச்சு. வாங்கிக்கொண்டு இறங்கினால் நான் ஆயிரத்து நூற்று எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிவந்து பிச்சை வாங்கியவன். நாளைக்கு இதையும் இரண்டு லட்சம் பேர் பார்ப்பார்கள், என் மகள் உட்பட.

நான் கவரைப் பிரித்தேன். அங்கேயே நின்று எண்ணினேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது, தானம் வாங்கியவன் மேடையிலேயே எண்ணுவதை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஐயாயிரம் சரியாக இருந்தது. அதை உள்பையில் வைத்துக்கொண்டு, மேல்பையிலிருந்து என் பெட்ரோல் பணத்தை எடுத்தேன். ஆறு நூறு, ஒரு இருபது, ஒரு ஐந்து. மைக் பக்கத்தில்தான் இருந்தது.

"நீங்க இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சுதான் மேஸ்திரி. காலையிலதான் பத்தாயிரம் குடுத்துட்டீங்களே. இந்தாங்க, மீதி அறுநூத்தி இருபத்தஞ்சு."

என்ன மீதி, என்ன பத்தாயிரம் என்று டயர் கடைக்காரர் என்னைக் கேட்டார்.

"ஆறு வருஷத்துப் பாக்கிங்க," என்றேன்.

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் இந்தக் கிழவன், பைத்தியம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தையும் மேலே பேசியிருக்க மாட்டேன். லாரியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குக் கூலி இல்லை. ஆனால் அவர் கையில் பணத்தை வைத்துவிட்டேனே. பணம் கைக்கு வந்தால் அவர் உடம்பு வேறு எதையும் கேட்காது. ஆள்காட்டி விரல் தானாக நீண்டது. ஒவ்வொரு நோட்டாகத் தள்ளித் தள்ளி, உதடு அசைய, கடைசி ஐந்து வரைக்கும் எண்ணினார்.

"சரியா இருக்கு," என்றார், மைக்கில்.